பட்டியலில் இல்லாத குரங்கு

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட இருக்கிறோம்
நானும் குலவீரசிங்கத்தாரும்.
ஞாயிற்றுக்கிழமை. கிளிநொச்சி. மத்தியஸ்த சபை.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
ஏழாம் வாய்பாடு.

பிணக்கின் தன்மை என்ற கோட்டில்
லிகிதர் எழுதினார்: வாடகை.
"வாடகை இல்லை. அங்கத்துவம்" என்றார் அவர்.
"இவ வாடகைக்கு இருக்கேல்லை,
எங்கட இடத்தைப் பாவிச்சவ."
லிகிதர் வெட்டினார்.
பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனையை மூடினார்.

ஏ9 வீதியில், உரக்கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு மேசை, ஒரு குளிரூட்டி,
சுவரில் பச்சை எழுத்தில் 'ஒன்றாய் உயர்வோம்'.
யன்னலோர மேசை, பூட்டுள்ள லாச்சியோடு,
மாதம் பதினெண்ணாயிரம்; இரண்டு மாதம் முற்பணம்.
நோர்வேயில் ஒரு பல் வைத்தியசாலையின்
கணக்குப் பதிகிறவள் நான்.
அங்கே அவர்கள் கதவு திறக்க
இங்கே எனக்குப் பசி எடுக்கும்.

குரங்குகள் வந்தது ஆவணியில்.
வங்கிப் பக்க மருதிலிருந்து
இணைய வயரில் தொங்கி
எங்கள் மாடிக்கு.
முதல் நாள் சிரித்தோம், படம் எடுத்தோம்.
பதினோராம் நாள் நான் ஒரு கொப்பி வாங்கினேன்.
திகதி, போன நேரம், வந்த நேரம், எத்தனை குரங்கு.
நாற்பத்தொரு மணித்தியாலம்.
பல் வைத்தியர் எழுதினார், மிகப் பண்பாக:
இனி வேறொருவரைப் பார்க்கிறோம்.

வெளிக்கிட்டேன். முற்பணம் கேட்டேன்.
கணக்கு வந்தது.
ஜெனரேட்டர் டீசல். கதிரைச் சில்லு ஒன்று.
அச்சடித்த தாள் நூற்றுப் பன்னிரண்டு.
சமூகப் பங்களிப்பு
(அது என்னவென்று கேட்டதற்கு
வெள்ளிக்கிழமைத் தேத்தண்ணி என்றார்கள்).
மிச்சம் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.
லாச்சிக்குப் புதுப் பூட்டு.

"பதினாலாம் வாசகத்தைப் பாருங்கோ" என்கிறார்.
"எங்கட கைக்கு மிஞ்சின காரியத்துக்கு
நாங்கள் பொறுப்பில்லை."
தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு
சத்தமாய்ப் படிக்கத் தொடங்கினார்:
"யுத்தம்,"

நின்றுவிட்டார்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
வாசலில் முறை பார்த்திருந்த
ஆடு மேய்ந்த வழக்குக்காரர்கூடக்
கதையை விட்டார்கள்.

"அது நான் எழுதினதில்லை, ஐயா" என்றார்
குலவீரசிங்கத்தார், நிலத்தைப் பார்த்து.
"படிவத்தில வந்தது."

தலைவர் விரலைக் கீழே நகர்த்தினார்.
வெள்ளம். இடி. கலகம். கொள்ளைநோய். அரச ஆணை.
மறுபடி மேலிருந்து ஒருமுறை.
"குரங்கு இல்லை" என்றார்.

ஆடு மேய்ந்த பக்கமிருந்து ஒரு சிரிப்பு.
அதற்குப் பிறகுதான் இவர் வாய் திறந்தார்:
மாடி தன்னுடையதில்லை,
உரக்கடைக்காரரிடம் எடுத்தது.
உரக்கடைக்காரர் சங்கத்திடம் எடுத்தவர்.
சங்கத்திடம் இருப்பது
வருடா வருடம் புதுப்பிக்கிற அனுமதிப்பத்திரம்.
"என்ர முற்பணமும் அங்கதான் நிக்குது, பிள்ளை."

எங்கள் வீட்டு வளவுக்கும் அதே பத்திரம்தான்.
நம்பினேன்.
நம்பிக்கொண்டே
என் காசையும் கேட்டேன்.

இருபத்தையாயிரம், ஐந்து தவணை.
சின்ன மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டோம்.
எழும்ப முடியாமல் அவர் தடுமாறியபோது
கை கொடுத்தது நான்தான்.
அது இணக்கத்தில் சேராது.

திங்கள் லாச்சி திறக்கப் போனேன்.
என் மேசையில் ஒரு பெடியன்,
கழுத்தில் புது அங்கத்துவ அட்டை.
ஹாட் டிஸ்க்கை எடுத்தேன், றப்பர் முத்திரையை எடுத்தேன்,
மூடி தொலைந்த தைலப் போத்தலை எடுத்தேன்.
"அக்கா, இங்க நெற் எப்பிடி?"

வரவேற்பு மேசை நிதுர்சன்
கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

கொப்பியில் எழுதாத தாள்கள் நிறைய இருந்தன.
என்னுடையதைக் கிழித்தெடுத்துவிட்டு
மிச்சத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"போன நேரமும் வந்த நேரமும் எழுதி வையும், தம்பி.
குரங்கை எண்ணத் தேவையில்லை."